சான் டியேகோவிலிருந்து ஓரிரவுச் சூரைப் பயணம்: படகேறுவது முதல் மீன் வீடு சேர்வது வரை

கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள சான் டியேகோ நகரில், பாயின்ட் லோமா படகுத்துறைகளுக்குக் கோடைகாலத்தில் இரவு எட்டு மணி வாக்கில் சென்றால், கையில் இரண்டு மூன்று தூண்டிற்கோல்களோடும் தோளில் படுக்கைப் பையோடும் மக்கள் வரிசையில் நிற்பதைக் காணலாம். இரவெல்லாம் படகு கடலில் ஓடும். விடியும் முன் சூரை மீன் திரியும் நீரை அடையும். பகல் முழுவதும் தூண்டில் போட்டுவிட்டு மறுநாள் மாலை அல்லது இரவில் கரை திரும்பும். இதைத்தான் இங்கே ஓரிரவுப் பயணம் என்கிறார்கள். முதன்முறையாகச் செல்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதை, பல பயணங்களில் கற்றதை வைத்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படகுகளில் பெரும்பாலான மீன்கள் உயிருள்ள மத்தியைக் கொண்டே பிடிக்கப்படுகின்றன. அந்தச் சின்ன மீனை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதே நாளின் பலனைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

பயணத்தையும் படகையும் தேர்ந்தெடுத்தல்

படகில் இடம் பிடிக்க மூன்று வழிகள் உள்ளன. தனித்தனியாக இருக்கை வாங்கி முன்பின் அறியாதவர்களோடு செல்வது ஒன்று. நண்பர்களோ அலுவலகக் குழுவினரோ சேர்ந்து படகு முழுவதையும் வாடகைக்கு எடுப்பது மற்றொன்று. ஆறு பயணிகளை மட்டும் ஏற்றிச் செல்லும் சிறு படகை அமர்த்துவது மூன்றாவது. பழக்கமில்லாதவர் முதல் வழியில் சென்று, அனுபவமுள்ளவர்கள் எப்படித் தூண்டில் போடுகிறார்கள் என்று பார்த்துக் கற்பது நல்லது என்பேன். முன்பதிவு செய்யும்போது கட்டணத்தை விட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அந்தப் படகில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பதுதான். ஆட்கள் கூடக் கூடத் தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதும் கூடும் என்பதால், எண்ணிக்கையைக் குறைத்து ஏற்றும் படகுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பருவமும் முக்கியம். புளூஃபின் சூரை வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை கிடைக்கலாம். மஞ்சள் துடுப்புச் சூரையும் டொராடோ என்ற மீனும் நீர் வெதுவெதுப்பாகும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில்தான் பெரும்பாலும் இந்தப் படகுகளின் எல்லைக்குள் வருகின்றன. புளூஃபின் சூரை ஜப்பானை ஒட்டிய கடல்களில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளில் ஒரு பகுதி பசிபிக் பெருங்கடலைக் குறுக்கே கடந்து கலிபோர்னியாவுக்கும் மெக்சிகோவுக்கும் வந்து, சில ஆண்டுகள் உண்டு வளர்ந்து, மீண்டும் மேற்கே திரும்புகிறது. தூண்டிலில் மாட்டும் அந்த மீன் ஒரு பெருங்கடலை நீந்திக் கடந்து வந்தது என்ற நினைப்பு எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

ஆவணங்கள், சட்டங்கள்

பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கலிபோர்னியாவின் மீன்பிடி உரிமம் வேண்டும். 2023 முதல், ஆண்டு உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாட்களுக்குச் செல்லும். சான் டியேகோவிலிருந்து தெற்கே சிறிது தொலைவிலேயே மெக்சிகோவின் கடல் எல்லை தொடங்கிவிடுகிறது. எந்த நாட்டு நீரில் தூண்டில் போடுவது என்பதை மீன் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கேப்டன் கடைசி நேரத்தில் முடிவு செய்யக்கூடும் என்பதால், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வேலை விசாவில் இருப்பவர்கள், மெக்சிகோ நீருக்குள் சென்று திரும்புவதற்குத் தங்களுக்கு என்ன தேவை என்பதை முன்பதிவின்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் பலரும் இதைப் படகுத்துறைக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். மெக்சிகோவின் மீன்பிடி அனுமதி கட்டணத்தில் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. புளூஃபின் சூரைக்கு முன்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 என்றிருந்ததை, அந்த இனம் மிகவும் குறைந்துபோனதால் 2015-இல் 2 ஆகக் குறைத்தார்கள். மெக்சிகோ நீரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 10 மீன். அதில் ஒரே இனத்தில் 5-க்கு மேல் கூடாது. டொராடோ என்றால் 2 மட்டுமே. விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கோலும் நரம்பும்

சொந்தக் கோல் இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. படகுத்துறையிலேயே வாடகைக்குத் தருவார்கள். எடுத்துச் செல்ல நினைப்பவருக்கு மூன்று கோல்கள் போதும். முதலாவது 30 பவுண்டு எடை தாங்கும் நரம்பு கொண்டது. மீன் தயங்கித் தயங்கி இரையெடுக்கும் நேரத்துக்கும் சிறிய மத்திக்கும் உரியது. இரண்டாவது 40 பவுண்டு. ஒரே ஒரு கோல்தான் கொண்டுபோக முடியும் என்றால் இதையே எடுப்பேன். மூன்றாவது, இருட்டிலும் ஆழத்திலும் பெரிய சூரைக்காக 80 பவுண்டோ அதற்கு மேலோ தாங்குவது. ரீலில், அதாவது கோலில் பொருத்திய சுழலும் உருளையில், பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் நீருக்குள் எளிதில் தெரியாத ஃபுளூரோகார்பன் நரம்பை முடிந்து, அதில் தூண்டில் முள்ளைக் கட்டுவதே இப்போது பெரும்பாலோர் பின்பற்றும் முறை.

ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம், நரம்பு தாங்கும் எடையில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 40 பவுண்டு நரம்புக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கையால் இழுத்துப் பார்த்து ஊகிப்பதை விட, வீட்டிலேயே ஒரு சிறிய வில் தராசை நரம்பில் மாட்டி இழுத்து அளந்துவிடுவது மேல்.

முடிச்சுகளில் சான் டியேகோ ஜாம் என்று இந்த ஊரின் பெயராலேயே வழங்கும் ஒன்றை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு ஒரு சாண் நீளம் வெளியே எடுங்கள். அதை மூல நரம்போடு சேர்த்து மடித்து, இரண்டையும் சேர்த்து நுனியால் மேலிருந்து முள்ளை நோக்கி ஏழு சுற்றுச் சுற்றுங்கள். முள்ளின் காதுக்குச் சற்று மேலே இரு நரம்புகளுக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில் நுனியை நுழையுங்கள். பிறகு மேல்பக்கம், சுற்று தொடங்கிய இடத்தில் மிஞ்சியிருக்கும் வளையத்துக்குள் அதே நுனியைக் கொண்டுபோய் விடுங்கள். எச்சிலால் ஈரமாக்கி மெல்ல இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருங்கி அமரும். ஈரமாக்காமல் இழுத்தால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். இருட்டிலும் ஆட்டத்திலும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இருபது முறையாவது கட்டிப் பழகுங்கள்.

குமட்டல்

இந்தப் பயணத்தைக் கெடுக்கும் காரணங்களில் முதலாவது கடல் நோய்; அதற்கான மருந்தைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதால் பெரிய பயனில்லை. மெக்லிசின் போன்ற மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மருத்துவர் சீட்டில்தான் கிடைக்கும். அதைச் சுமார் நான்கு மணி நேரம் முன்னதாக ஒட்டினால் மூன்று நாட்கள் வரை வேலை செய்யும். வேறு மருந்து எடுப்பவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. அன்று மாலை மதுவைத் தவிர்த்து, எண்ணெய் குறைந்த உணவாக உண்ணுங்கள். வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள். நான் இட்லியைக் கட்டி எடுத்துச் செல்கிறேன், இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

படகேறும் இரவு

பதிவு மேசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தருவார்கள். பிடிக்கும் ஒவ்வொரு மீனின் செவுளிலும் அந்த எண் குறித்த அட்டையைக் குத்தி, குளிரூட்டிய கடல்நீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள் என்பதால் எண்ணை மறக்கக்கூடாது. மீன் கொண்டுபோகும் பெரிய பெட்டியைப் பனிக்கட்டியோடு வண்டியிலேயே விட்டுவிடலாம். படகில் வேண்டியவை படுக்கைப் பை, காதடைப்பான், காற்றுத் தடுக்கும் மேலங்கி, வழுக்காத ரப்பர் காலணி, போலராய்டு கண்ணாடி, குப்பியில் குடிநீர் ஆகியவை. ஜூலையிலும் பின்னிரவுக் காற்று எலும்பைத் தொடும்.

துறையை விட்டுப் புறப்படும் படகு நேரே கடலுக்குப் போவதில்லை. விரிகுடாவின் வாய்க்கருகே மிதக்கும் கூண்டுகளில் மத்தியையும் நெத்திலியையும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். படகு அங்கே ஒட்டி நிற்கும். ஊழியர்கள் வலைக்கரண்டியால் அள்ளி அள்ளிப் படகின் இரைத்தொட்டிக்குள் கொட்ட, விளக்கொளியில் மீன்கள் வெள்ளித் தகடுகளாகச் சுழலும். தூங்கப் போகாமல் இதை நின்று பாருங்கள். மத்தி ஒரே அளவாக, செதில் உதிராமல், ஒரே திசையில் வட்டமிட்டு நீந்தினால் மறுநாளுக்கான நல்ல அறிகுறி. மத்தியின் அளவைப் பார்த்துவிட்டால், எந்த அளவு முள்ளைக் கட்டுவது என்பதையும் அன்றிரவே முடிவு செய்துவிடலாம்: விரலளவுக்குச் சற்றே பெரிதென்றால் 1/0, கையகலம் என்றால் 2/0 அல்லது அதற்கு மேல்.

படுக்கையறை பெரும்பாலும் தளத்துக்குக் கீழே இருக்கும். படுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: ஏறி வரும் படிக்கட்டைத் தவிர இரண்டாவது அவசர வழி எங்கே என்று கேட்டு, போய்ப் பார்த்து, கையால் தொட்டுவிட்டு வாருங்கள். 2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலையில், சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்ததில், கீழே தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் உயிரிழந்தார்கள். இரவில் சுற்றி வந்து கண்காணிக்க ஆளில்லாமல் போனது விசாரணையில் முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே இரவுக் காவல் யார் என்று ஊழியரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைப்பேசியையும் லித்தியம் பேட்டரிகளையும் படுக்கையில் மின்னேற்றாதீர்கள். பிறகு தூங்குங்கள். முதல் பயண உற்சாகத்தில் இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்கள், மீன் கடிக்கும் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் தலை சாய்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விடியலுக்கு முன்

இஞ்சினின் சத்தம் குறைந்ததும் விழிப்புத் தட்டும். இருட்டிலேயே சூரைக் கூட்டம், ஒலியலையால் மீனைக் காட்டும் சோனார் கருவியில் தெரிந்தால், கேப்டன் ஆழத்தைச் சொல்லி இரும்பு இரையை இறக்கச் சொல்வார். கத்தி போன்று ஒடுங்கிய, இருட்டில் ஒளிரும், 200 முதல் 400 கிராம் வரை எடையுள்ள உலோக இரை இது. கனத்த கோலை எடுத்து, சொன்ன ஆழத்துக்கு இறக்கி, ஏற்றியும் இறக்கியும் ஆட்டுங்கள். இறங்கும்போதே நரம்பு சட்டென்று தளர்ந்தால் மீன் வாங்கிவிட்டது என்று பொருள். உடனே வேகமாகச் சுற்ற வேண்டும்.

மத்தியைப் பிடித்தலும் போடுதலும்

வெளிச்சம் வந்த பிறகு கேப்டன் பறவைகளையும், நீருக்கு மேல் எழும் மீன் நுரையையும், அறுந்து மிதந்துவரும் கெல்ப் கடற்பாசித் திட்டுகளையும் தேடிப் படகை ஓட்டுவார். அந்த ஓட்டத்தில் பின்புறம் சிலர் முறைவைத்துச் செயற்கை இரையை இழுத்துவருவார்கள். எதிலாவது மீன் மாட்டினால் படகு நிற்கும். அப்போது உயிர் மத்தியை நீரில் விடுவதே எல்லோருக்கும் வேலை.

இரைத்தொட்டியில் கையை விட்டுத் துழாவக்கூடாது. முதுகு பச்சையாக மின்னுவதும், மூக்கு சிவந்திராததும், செதில் முழுதாக இருப்பதும், பிடிக்க வரும் கைக்கு நழுவி ஓடுவதுமான மத்தியைக் கண்ணால் முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். எளிதில் கைக்கு வருவது களைத்த மீன். சிறு வலையால் அள்ளி, கையை நனைத்துக்கொண்டு, தலைப்பக்கம் கண்கள் மறையுமாறு உள்ளங்கைக்குள் தளர்வாகப் பிடித்தால் அது அடங்கும். விரலை இறுக்கினால் செதில் கையில் ஒட்டும்; செதில் இழந்த மத்தி சில நிமிடங்களில் தளர்ந்து மேலே மிதக்கும்; அதைச் சூரை திரும்பியும் பார்க்காது. முள்ளை மூக்கின் துளைகளுக்கு நடுவே இருக்கும் கெட்டியான குருத்தில் குறுக்காகக் குத்தலாம். செவுளுக்குப் பின்னாலுள்ள கடினமான எலும்புக்குக் கீழேயும் குத்தலாம். ஆழமாக நீந்த வேண்டுமானால் கீழ்த்துடுப்பின் பின்புறம் குத்துவதும் உண்டு. மீனைக் கையில் எடுத்ததிலிருந்து அது நீரைத் தொடுவதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது.

எங்கே நின்று போடுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். படகு நின்றதும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கத்தில் நின்று மத்தியை வீசினால், படகு விலகிச் செல்லச் செல்ல நரம்பு உங்களிடமிருந்து நேராக வெளியே நீளும். எதிர்ப்பக்கத்தில் போட்டால் படகு உங்கள் நரம்பின்மீதே ஏறிவிடும். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் சேர்ந்து நரம்பைப் படகின் முன்புறமான அணியத்தையோ பின்புறத்தையோ நோக்கி இழுக்கும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக நீங்களும் கைப்பிடியை ஒட்டி நடக்க வேண்டும். நரம்பு எப்போதும் உங்கள் நெஞ்சுக்கு நேரே இருக்கட்டும்.

வீசியபின் ரீலைத் திறந்தே வைத்து, சுருளைக் கட்டைவிரலால் இலேசாகத் தொட்டுக்கொண்டு, மத்தி தானாக நீந்த இடம் கொடுங்கள். அது ஓடினால் நரம்பு சீரான துடிப்போடு கழியும். துடிப்பு வேகமானால் சூரை அருகில் வந்திருக்கிறது, மத்தி அஞ்சி ஓடுகிறது. பிறகு திடீரென்று சுருள் கட்டைவிரலுக்குக் கீழே சுடுமளவு சுழலும். அப்போதும் இழுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணி, கோலை மீனை நோக்கி நீட்டி, ரீலைப் பூட்டி, நரம்பு இறுகும் வரை சுற்றுங்கள். வட்ட வடிவ முள் வாய் ஓரத்தில் தானே போய் மாட்டிக்கொள்ளும். வெட்டி இழுத்தால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மத்தியை மாற்றுங்கள். தொட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, சோர்ந்துபோன ஒன்றை நீரில் தொங்கவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை.

மீன் மாட்டிய பின்

மாட்டியதும் உரக்கக் குரல் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வழிவிடுவார்கள். முதல் ஓட்டத்தை நிறுத்த முயலாமல், ஓடும் மீனைப் பின்தொடர்ந்து நடங்கள். இன்னொருவர் நரம்போடு குறுக்கிட்டால், யாருடையது மேலே, யாருடையது கீழே என்று ஊழியர் பார்த்துச் சொல்வார். அவர் சொல்வதை ஒரு சொல் மறுக்காமல் செய்யுங்கள். பெரிய மீன் என்றால் கோலின் முன்பிடியைப் படகின் மரக் கைப்பிடிமேல் சாய்த்து, அதையே தாங்குகோலாக வைத்து ரீலைச் சுற்றினால் முதுகு தப்பும். கடைசியில் சூரை படகுக்கு நேர் கீழே பெரிய வட்டமாகச் சுற்றும். உங்களை நோக்கி வரும் அரைவட்டத்தில் நரம்பை எடுத்து, விலகும் அரைவட்டத்தில் பிடித்து நிற்க வேண்டும். மீனின் நிறம் தெரிந்ததும் ஊழியர் நீண்ட கழியில் பொருத்திய கொக்கியோடு வருவார். அவர் தலையில் கொத்தித் தூக்கும் வரை கோலைத் தாழ்த்தவோ நரம்பைத் தளர்த்தவோ கூடாது.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி இரண்டடி நரம்பை நகத்துக்கும் விரலுக்கும் இடையே விட்டுத் தடவிப் பாருங்கள். ஒருமுறை மணல் ஒட்டியது போன்ற சிறு சொரசொரப்பு விரலில் பட்டும், மீன் கடிக்கும் அவசரத்தில் அப்படியே அடுத்த மத்தியைப் போட்டேன். நாற்பது நிமிடம் போராடிய பிறகு, நீலநிறம் கண்ணில் தெரிந்த நிலையில், நரம்பு சரியாக அந்த இடத்தில் அறுந்தது. மீண்டும் முடிச்சுப் போட ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

மீனைக் காத்தல்

புளூஃபின் சூரை மற்ற மீன்களைப் போல நீரின் குளிர்ச்சியிலேயே இருப்பதில்லை. தசைகளின் வெப்பத்தை இரத்த நாளங்களின் பின்னல் வழியே உடலுக்குள்ளேயே தக்கவைத்துக்கொள்கிறது. நெடுநேரம் போராடிய மீனின் சதை சூடாகிவிடும். உடனே இரத்தம் வடியாமலும் குளிராமலும் போனால் நிறம் மங்கிப் புளிப்புத் தட்டும். ஆகவே மீன் தளத்துக்கு வந்ததும் மூளையில் குத்திச் சட்டென்று உயிர்போக்கி, செவுளையொட்டி வெட்டி இரத்தம் வடியவிட்டு, குளிர்நீரில் இறக்கச் சொல்லுங்கள். நல்ல ஊழியர்கள் கேட்காமலே செய்வார்கள்.

கரை திரும்பும் வழியில் கட்டணம் பெற்றுக்கொண்டு மீனை வெட்டித் தருவார்கள். தென் கலிபோர்னியாவில் கடலிலேயே சூரையை வெட்டுவதானால் தோலோடு ஆறு துண்டுகளாகத்தான் வெட்ட வேண்டும்: நான்கு சதைப்பாளங்கள், மார்புத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிய கழுத்துப் பகுதி, அடித்துடுப்புகளோடு கூடிய வயிற்றுப் பகுதி. ஒரு மீனின் துண்டுகள் ஒரே பையில் இருக்க வேண்டும். சோதனையிடும் அதிகாரி இனத்தையும் எண்ணிக்கையையும் அடையாளம் காண்பதற்காகவே இந்த விதி. கழுத்தையும் வயிற்றையும் வேண்டாமென்று விட்டுவருகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கொழுப்பும் சுவையும் நிறைந்த இடங்கள் அவைதாம்.

இறங்குவதற்கு முன் சமையற்காரரிடம் உணவுக் கணக்கைத் தீர்த்துவிட்டு, ஊழியர்களுக்குப் பயணக் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பாகக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். மீன் கிடைக்காத நாளிலும் அவர்கள் அதே உழைப்பைத்தான் உழைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை நன்னீரில் ஊறவிடாமல், துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, காற்று நீக்கிய பைகளில் அடைத்து உறையவையுங்கள். சூரையைப் பச்சையாக உண்பவர்கள் அன்றே உண்ணலாம். யெல்லோடெயில் போன்ற மற்ற மீன்களை, ஒட்டுண்ணிகளுக்காகக் கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் வைத்த பிறகே பச்சையாக உண்ண வேண்டும். குழம்புக்கோ வறுவலுக்கோ அந்தக் காத்திருப்பு தேவையில்லை. உறைந்த துண்டை எடுக்கும் நாளில், காற்று நீக்கிய பையை முதலில் கத்தரித்துத் திறந்து, மீனை ஒரு தட்டில் வைத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு உருகவிடுங்கள். பையைத் திறக்காமலே உருகவிட்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது வழிவிடும்.